மடத்துக்கு மூன்று பொருள்

துறவு என்பது விடுதல். மடம் என்பது கட்டுதல். வீட்டை விட்டு வெளியேறியவனுக்கு மாளிகை எதற்கு? உடைமையைத் துறந்தவனுக்கு உண்டியல் எதற்கு? உருவமெல்லாம் அழியும் என்று உரைத்தவனுக்கு வானளாவிய உருவம் எதற்கு? இக்கேள்விகள் புதியன அல்ல. பகுத்தறிவை மதிக்கும் எவரும் ஒரு பெரிய மடத்தின் வாயிலில் கால் வைத்தவுடன் இவற்றைக் கேட்கவே செய்வர். நானும் கேட்டேன். கேட்டுக்கொண்டே உள்ளே சென்ற நான், வெளியே வரும்போது வேறொரு கேள்வியைச் சுமந்துகொண்டு வந்தேன். அக்கேள்வி புத்த மடத்தைக் காட்டிலும் நம்மையே மிகுதியும் பற்றியதாகலின், அதனை நம்மவர் முன் வைக்கத் துணிகிறேன்.

நான் அங்குச் சென்றது வேடிக்கை பார்ப்பதற்காக அன்று. என்னுடன் பல்லாண்டுகள் ஒரே தொழிலகத்தில் உழைத்த சீன நண்பர் ஒருவரின் தாயார் காலமானார். அவ்வம்மையாரின் தகனம் சிங்கப்பூரிலுள்ள கொங் மெங் சான் போர் கார்க் சீ மடாலயத்தில் நடைபெற்றது. அந்நகரின் மிகப் பெரிய பௌத்த மடம் அதுவே. 2021-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பிரைட் ஹில் பெருவிரைவு ரயில் நிலையத்தில் இறங்கினால் சிறிது தொலைவே நடக்கவேண்டும். சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள். அவற்றின் சன்னல்களிலிருந்து நீட்டிய கழிகளில் துணிகள் உலர்கின்றன. அவற்றுக்கு நடுவே வளைந்த கூரைகளும் கோபுரமும் எழுந்து நிற்கின்றன. ஊதுவத்திப் புகை ஒருபுறம். மோட்டார் வண்டிகளின் இரைச்சல் மறுபுறம். நகரம் மடத்தை விழுங்கிற்றா, மடம் நகரத்தைத் தன்னகத்தே ஏற்றுக்கொண்டதா என்று ஐயுறும்படி இருந்தது அக்காட்சி.

முதலில் அம்மடம் தோன்றிய வரலாற்றைக் கூறுதல் முறை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த பிக்குகள் பலருக்கு நிலையான தங்குமிடம் இல்லை. இறந்தார் வீடுகளில் ஈமச் சடங்கு செய்து, கிடைத்த இடத்தில் படுத்து நாட்கழித்தோர் பலர். இந்நிலை கண்டு வருந்திய சுவான் தாவ் என்னும் பிக்குவுக்கு, தே வூ செங் என்னும் வணிகர் 1920-ஆம் ஆண்டில் தாம்சன் சாலைப் பகுதியில் ஒரு நிலத்தை வழங்கினார். அங்கே எழுந்ததுதான் இம்மடம். ‘கொங் மெங் சான்’ என்பது ஒளிமலை என்றும், ‘போர் கார்க் சீ’ என்பது எல்லோர்க்கும் விழிப்பளிக்கும் பள்ளி என்றும் பொருள்படும். 1947-ஆம் ஆண்டில் தலைமை ஏற்ற ஹொங் சூன் என்னும் பிக்கு, 1990-இல் மறையும் வரை அதனை நடத்தி வளர்த்தார். பிற சமயத்தாரோடு ஒரே மேடையில் அமர்ந்து நட்புறவு வளர்த்த பெரியார் அவர்.

ஆகவே, இன்று மாளிகையாகத் தோன்றும் இது, தொடக்கத்தில் இடமற்றவர்க்கு இடமாகவே எழுந்தது. நம் தமிழில் ‘மடம்’ என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். துறவியர் உறையும் இடத்துக்கு அது பெயர். வழிப்போக்கர் இரவில் தங்கிச் செல்லும் சத்திரத்துக்கும் அதுவே பெயர். இவையன்றி மூன்றாவது பொருள் ஒன்றும் உண்டு: மடம் என்றால் அறியாமை. ஒரே சொல்லுக்குள் துறவும், விருந்தோம்பலும், பேதைமையும் அடங்கிக் கிடக்கின்றன. ஒரு மடம் இம்மூன்றனுள் எப்பொருளில் மடமாக விளங்குகிறது என்று கேட்பதே அறிவுடைமை என எனக்குத் தோன்றிற்று.

தகனத்துக்குச் சிறிது நேரம் இருந்தமையால் மடத்தைச் சுற்றிப் பார்த்தேன். அநுராதபுரத்து அரசமரத்தின் வழிவந்தது என்று போற்றப்படும் போதிமரம் ஒன்று அங்கே நிற்கிறது. அப்பால் ஒரு பெருமண்டபம். அதன் பெயர் ‘உருவமின்மை மண்டபம்’. உள்ளே நுழைந்தால் 13.8 மீட்டர் உயரமுள்ள புத்தர் உருவம்! எனக்கு நகைப்பு வந்தது. உருவமில்லை என்று பெயர் சூட்டிவிட்டு, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உருவத்தை வைத்திருக்கிறார்களே என்று எண்ணினேன். அங்கே தரையைத் துடைத்துக்கொண்டிருந்த முதிய தொண்டர் ஒருவரிடம், எனக்குத் தெரிந்த மலாய்மொழியில் இதனைக் கேட்டும்விட்டேன். அவ்வம்மையார் சினங்கொள்ளவில்லை. இங்கே வணங்குவோர் கேட்டுப் பெறுவதற்காக வணங்குவதில்லை என்று தாம் சொல்ல மாட்டார் என்றும், பெரும்பாலோர் கேட்கவே வருகின்றனர் என்றும், தம்மைப் பொறுத்தவரை குனிவது தலைக்கனத்தை இறக்குவதற்கே என்றும் அவர் கூறினார். விசாகத் திருநாளை ஒட்டி அம்மடத்தைச் சுற்றி மூன்றடி நடந்து ஒருமுறை தரையில் விழுந்து வணங்கும் வழக்கம் உண்டு. இளைஞரும் முதியோரும் பல மணிநேரம் அவ்வாறு வலம் வருவர். சிலை குனியச் சொல்லவில்லை. குனிய வேண்டிய தேவை எனக்கு இருக்கிறது என்றார் அவர்.

இவ்விடை என்னை முழுதும் நிறைவு செய்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். குனிந்து குனிந்தே முதுகு வளைந்துபோன ஒரு மரபினன் நான். கிராணியார் முன்பும் கங்காணியார் முன்பும் குனிந்த என் முன்னோர்க்குத் தலைக்கனம் ஏது, இறக்கி வைக்க? குனிதல் அறமாவது நிமிர்ந்து நிற்கக்கூடியவனுக்கே. நிமிர விடப்படாதவனுக்கு நிமிர்தலே அறம். எனினும், அம்மையார் தம் வழிபாட்டின் நோக்கத்தைத் தாமே ஆராய்ந்து வைத்திருந்தார் என்பதை மறுக்க இயலாது. ஆராய்ந்த வணக்கம் வேறு. அச்சத்தால் எழும் வணக்கம் வேறு.

அங்கிருந்து திரும்பும்போதுதான் ஒரு சிறு விஷயம் என் மனத்தில் பட்டது. வாயிலில் நுழைந்தது முதல் அந்நொடி வரை, நீ யார், எவ்வினம், எச்சமயம் என்று என்னை எவரும் கேட்கவில்லை. மண்டபத்தின் நடுவே நின்றேன்; சிலையின் அடிவரை சென்றேன்; வழிபாட்டில் குறை கண்டு வினாவும் எழுப்பினேன். ஒருவரும் தடுக்கவில்லை. இதில் என்ன வியப்பு என்று பட்டணத்து இளைஞர் கேட்கலாம். அவர்களுக்கு என் பாட்டனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் பாட்டனார் தம் ஊர்க் கோயிலின் கோபுரத்தை வீதியில் நின்று கும்பிட்டவர். அக்கோயிலின் மதிலுக்குக் கல் சுமந்தவர் அவருடைய முன்னோர். உள்ளே செல்லும் உரிமை மட்டும் அவர்களுக்கு இல்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தது 1939-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில். சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-இல். அதற்கெல்லாம் முன்பே பாட்டனார் கப்பலேறி மலாயாவுக்கு வந்துவிட்டார். கப்பலில் சாதியும் ஏறி வந்தது. தோட்டத்தில் எல்லோரும் பால்மரம் வெட்டினார்கள். எல்லோருக்கும் ஒரே கூலி. எல்லோரையும் கடித்தது ஒரே கொசு. ஆயினும் லயன் வீடுகளில் இன்னார்க்கு இன்ன வரிசை என்று பிரித்தார்கள். காடழித்த கைகளால் கட்டிய கோயிலிலும் இன்னார் முன்னே, இன்னார் பின்னே என்று நிறுத்தினார்கள். பாட்டனார் சாகும்வரை கோயிலின் படியில் அமர்ந்திருப்பாரேயன்றி உள்ளே செல்ல மாட்டார். யாரும் தடுக்காத காலத்திலும் அவர் செல்லவில்லை. தடை மதிலிலிருந்து அவர் மனத்துக்குள் குடிபுகுந்துவிட்டது. சாதியின் மிகப் பெரிய கொடுமை அதுவே.

புத்தர் இந்நோயை அறிந்தவர். விநய நூல்களில் ஒரு நிகழ்ச்சி கூறப்படுகிறது. சாக்கிய குலத்து இளவரசர்கள் சிலர் துறவு பூண வந்தனர். அவர்களுடன் உபாலி என்னும் நாவிதரும் வந்தார். அவ்விளவரசர்கள், ‘எங்கள் குலச்செருக்கு அடங்கவேண்டும், ஆகலின் எங்கள் ஏவலராக இருந்த இவருக்கு முதலில் துறவு கொடுங்கள்’ என்ற கருத்துப்பட வேண்டினராம். சங்கத்தில் முன்னே சேர்ந்தவரே மூத்தவர். மூத்தவரைப் பின்னே சேர்ந்தோர் வணங்கவேண்டும். அதன்படி இளவரசர்கள் நாவிதரின் முன் தலை தாழ்த்தினர். அந்த உபாலியே பின்னாளில் சங்கத்து ஒழுக்க விதிகளை எடுத்தோதும் தலைமை பெற்றார். முடி திருத்திய கை, முறை திருத்தும் கையாயிற்று. முன்னே கூறிய அம்மையாரின் விடை இந்த இடத்தில்தான் எனக்கு முழுமையாக விளங்கிற்று. நிமிர்ந்தவன் குனிந்தான், குனிந்தவன் நிமிர்ந்தான், அதுவே வணக்கத்தின் நேர்மை.

ஆனால் உண்மையை ஒருபக்கமாகச் சொல்லுதல் அறமன்று. அதே புத்த சமயம் இலங்கையில் என்ன ஆயிற்று? அங்கே 1753-ஆம் ஆண்டில் சயாம் நாட்டுப் பிக்குகளின் துணையால் துறவு மரபு மீண்டும் நிலைநாட்டப்பட்டது. சில ஆண்டுகளுக்குள், 1764 அளவில், உயர்சாதி எனப்பட்ட கொவிகம வகுப்பாருக்கே உயர்துறவு என்று கட்டுப்பாடு வந்துவிட்டது. உபாலியின் சங்கத்தில் உபாலிக்கே இடமில்லை! ஒதுக்கப்பட்டோர் வாளாவிருக்கவில்லை. அவர்கள் பர்மாவின் அமரபுர நகருக்குக் கடல் கடந்து சென்று, அங்கே துறவு பெற்று, 1803-இல் திரும்பித் தமக்கென ஒரு சங்கத்தை நிறுவினர். இதிலிருந்து நாம் அறிவது யாது? நல்ல நூல் இருந்தால் போதாது. நல்ல ஆசான் இருந்தாலும் போதாது. வாசல் தானே திறந்திருப்பதில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் எவரேனும் அதனைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும்.

உயரமும் செல்வமும் ஒரு மடத்தைக் காப்பாற்றுமா எனின், அதுவும் இல்லை. இதற்கு நம் வரலாறே சான்று. கடாரம் என்று நம் முன்னோர் அழைத்த கெடாவையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட மாறவிசயோத்துங்கவர்மன், தன் தந்தையின் பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினான். முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அதற்கு அளித்தான். லெய்டன் செப்பேடுகள் இதனை விரித்துரைக்கின்றன. தந்தையின் கொடையைச் செப்பேட்டில் உறுதி செய்த இராசேந்திரனே 1025-இல் கடாரத்தின்மீது கப்பற்படை செலுத்தினான் என்பது காலத்தின் விந்தை. இம்மலாய் மண்ணின் மன்னன் தமிழ்த் துறைமுகத்தில் கட்டிய அப்பெருமடம் இன்று எங்கே? நெடுங்காலம் எஞ்சி நின்ற கோபுரமும் 1867-இல் இடிக்கப்பட்டுவிட்டது. மண்ணிலிருந்து தோண்டியெடுத்த செப்புத் திருமேனிகள் அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. மன்னன் காத்த மடம் மன்னனோடு போயிற்று. மக்கள் நுழைந்து தமதாக்கிக்கொண்ட மடமே மக்களோடு வாழும்.

செல்வத்தின் இன்னொரு கேட்டையும் மறைத்தல் கூடாது. சிங்கப்பூரில் அறநிலைய மருத்துவமனை ஒன்றின் தலைமையிலிருந்த துறவி ஒருவர், அதன் பணத்தைத் தவறாகக் கையாண்ட குற்றத்துக்காக 2009-ஆம் ஆண்டில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டுச் சிறை சென்றார். காவி எந்நிறத்ததாயினும் கணக்கு வேண்டும் என்பதை அந்நகரத்துச் சட்டம் நிலைநாட்டிற்று. அதே நகரில் 1969 முதல் பௌத்தர் நடத்திவரும் இலவச மருத்துவ நிலையங்கள் இனமும் சமயமும் பாராது நோயாளிகளைப் பார்க்கின்றன. கணக்குக் காட்டும் ஈகை நிலைக்கிறது. கணக்கு மறைக்கும் ஈகை களவாகிறது.

ஈகையில் மட்டுமா? அருளிலும் கணக்குப் பார்க்கவேண்டியிருக்கிறது. விசாகத்தன்று கூண்டுப் பறவைகளையும் ஆமைகளையும் விடுதலை செய்தால் புண்ணியம் என்பது பௌத்தர் பலரின் நெடுநாள் நம்பிக்கை. எண்ணம் இனியதே. ஆனால் விடுவதற்குப் பறவை வேண்டுமானால், எவனோ ஒருவன் அதனைப் பிடிக்கவேண்டும். புண்ணியத்தின் தேவை பெருகப் பெருக, வலையும் பெருகுகிறது. பழகாத இடத்தில் விடப்பட்ட உயிர்களில் பல மடிகின்றன. இக்காரணத்தால் சிங்கப்பூரின் தேசியப் பூங்காக் கழகம் ஆண்டுதோறும் விசாகத்தை ஒட்டி, உயிர்களைக் கொண்டுவந்து விடவேண்டாம் என்று மக்களை வேண்டிக்கொள்கிறது. இசைவின்றி விடுவது 2020 முதல் சட்டப்படி குற்றமும் ஆகும். தன் நன்மைக்காகப் பிறிதோர் உயிரைக் கருவியாக்கும் அருள், வலை வீசியவனின் உடந்தையே. துறவியரின் மடம் பேதைமையின் மடமாவது இப்படித்தான். இதைக் கேட்டு நாம் சீனரைப் பார்த்து நகைக்கவேண்டா. நேர்ந்துகொண்ட ஆட்டுக்கு மாலை சூட்டித் தலையில் மஞ்சள்நீர் தெளித்து, அது உடல் சிலிர்த்ததும் ‘உத்தரவு கிடைத்தது’ என்று கத்தியை எடுப்பவர் நம்மிலும் உளர்.

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். விட்டவர்க்குக் கட்டிடம் எதற்கு? நான் கண்ட விடை இது: கட்டிடம் விட்டவர்க்காக அன்று, விடமுடியாமல் தவிக்கும் நம்போன்றோர்க்காகவே. துயருற்றவன் சிறிது அமர்வதற்கு இடம் வேண்டும். இறந்தாரை வழியனுப்ப ஒரு கூடம் வேண்டும். அயலானும் ஏழையும் அஞ்சாது நுழைய ஒரு வாயில் வேண்டும். அவ்வளவில் அது வழிப்போக்கர் மடம், அறத்தின் சத்திரம். அதனை எழுப்பியோர் ‘எமது’ என்று சொல்லி வாயிலில் காவல் வைக்கும் அன்றே அது கோட்டை. மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றிய வரலாறு நாம் அறிந்ததே. சுவர் அதே சுவர்தான். கல் அதே கல்தான். கதவு திறந்த திசை மாறிற்று. சிறை அறச்சாலை ஆயிற்று. அறச்சாலையைச் சிறையாக்கவும் அதே கதவு போதும்.

ஆகவே, எச்சமயத்தாரின் நிலையத்தையும் அளப்பதற்கு மூன்று கேள்விகள் போதும். உள்ளே வருவதற்கு உரியவர் யார்? உள்ளே பணிசெய்வதற்கும் தலைமை ஏற்பதற்கும் உரியவர் யார்? அங்கே சேரும் பொருள் எவரிடம் திரும்பிச் செல்கிறது? முதற்கேள்விக்கு நம் கோயில்கள் இன்று விடை கூறிவிட்டன. இரண்டாவதில் இடறுகின்றன. தமிழ்நாட்டில் அனைத்துச் சாதியாரும் அர்ச்சகராகலாம் என்ற நோக்குடன் 1970-இல் சட்டத்திருத்தம் வந்தது. பயிற்சி பெற்ற பல வகுப்பாருக்கு ஒருங்கே பணி ஆணைகள் வழங்கப்பட்டதோ 2021 ஆகஸ்டு மாதத்தில். இடையே அரை நூற்றாண்டு! சீன மரபின் பௌத்தம் பெண்களுக்கு முழுத்துறவை இடையறாது வழங்கிவந்திருக்கிறது. தேரவாத நாடுகளிலோ அம்மரபு நெடுங்காலம் அறுந்து கிடந்தது. நம் கோயிற் கருவறையில் பெண்ணின் இடம் எது என்பதை நாம் இன்னும் முழுமையாகப் பேசவே தொடங்கவில்லை. மூன்றாவது கேள்விக்கு ஒவ்வோர் ஊர்க் கோயில் நிர்வாகக் குழுவும் தன் கணக்கேட்டைத் திறந்து விடை கூறட்டும். திருவிழாவின் வாணவேடிக்கைக்குச் செலவிட்டது எவ்வளவு? தோட்டம் மூடப்பட்டுப் பட்டணத்து ஓரங்களில் வந்து குடியேறிய நம் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிட்டது எவ்வளவு?

தகனம் முடிந்தது. தீ அவ்வம்மையாரின் குலத்தைக் கேட்கவில்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் இன்றும் சாதிக்கொரு சுடுகாடு இருக்கிறது. சாம்பலுக்கும் வேலி போடத் தெரிந்தவர் நாம். நண்பர் என் கையைப் பற்றி உணவுக்கூடத்துக்கு அழைத்துச் சென்றார். நீண்ட மேசையில் அவருடைய உறவினர்களுக்கு நடுவே என்னை அமர்த்தினார்கள். எனக்கு எதிரே, சற்றுமுன் தரை துடைத்துக்கொண்டிருந்த அதே தொண்டர் அம்மையார். பக்கத்தில் இறந்தவரின் மூத்த மகன். சைவ உணவுதான், சோறும், கீரையும், அவித்த சோயாக்கட்டியும். யாருக்கு முதலில், யாருக்குப் பின்னர் என்ற பேச்சே அங்கு எழவில்லை.

உண்ணும்போது என் பாட்டனாரை நினைத்தேன். அவர் அவ்விடத்துக்கு வந்திருந்தால் உள்ளே வந்திருப்பாரா, அன்றிப் பழக்கத்தால் படியிலேயே அமர்ந்திருப்பாரா? படியிலேதான் அமர்ந்திருப்பார் என்று என் மனம் கூறிற்று. திறந்த வாசல் மட்டும் அவரைப் போன்றோர்க்குப் போதாது. என் நண்பர் என்னைப் பற்றி அழைத்ததுபோல, எழுந்து சென்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துவர ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர் நம் கோயில்களில் யார்? நம் சங்கங்களில் யார்? நம் திருமணப் பந்தல்களில் யார்? இக்கேள்வியையே நான் அம்மடத்திலிருந்து கொண்டுவந்தேன். படியில் இன்னும் சிலர் அமர்ந்திருக்கிறார்கள். உள்ளே இருப்போர் சிறிது திரும்பிப் பார்ப்பாராக.